ஓட்டுப் போடுவதைத் தவிர இளைஞர் என்ன செய்யலாம்? ஏற்காட்டு மாணவர் ஒருவரின் கேள்விக்குப் பதில்

கேள்வி இதுதான்: "எனக்கு வயது 19. ஏற்காடு மலையில் மலையாளி பழங்குடியினர் வாழும் ஒரு சிற்றூர் என் சொந்த ஊர். சேலத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். ஊரில் தண்ணீர்த் தொட்டி கட்டிப் பல மாதங்கள் ஆகின்றன, குழாயில் இன்னும் தண்ணீர் வரவில்லை. கட்சியில் சேர விருப்பமில்லை. ஏதாவது செய்யப்போய் வழக்கு வந்தால் அரசு வேலை கிடைக்காது என்று வீட்டில் பயப்படுகிறார்கள். என்னைப் போன்றவர் ஓட்டுப் போடுவதைத் தவிர ஜனநாயகத்தில் வேறு என்ன செய்ய முடியும்?"

தம்பி, அந்தத் தொட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இளைஞர்களும் ஜனநாயகமும் என்று மேடையில் பேசுகிறவர்கள் தேசம், எழுச்சி, மாற்றம் என்று முழங்கிவிட்டு இறங்கிவிடுவார்கள். கேட்டவனுக்கு மறுநாள் காலையில் எங்கே போய் யாரைப் பார்ப்பது என்று தெரியாது. குறிப்பிட்ட ஒரு குறை, அதற்குப் பொறுப்பான ஓர் அலுவலகம், அங்கே போய்ச் சேர்ந்ததற்குத் தேதியோடு ஓர் அத்தாட்சி: இந்த மூன்றும் கையில் இருந்தால் 19 வயதுக்காரரும் அரசு இயந்திரத்தை அசைக்கலாம். இவை இல்லாவிட்டால் அறுபது வயதுக்காரரும் டீக்கடையில் புலம்பிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

முதலில் ஓட்டு. "அதைத் தவிர" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கீழே நான் சொல்லப்போகிற வேலைகளில் பாதிக்கு வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தாக வேண்டும். 18 வயதில் ஓட்டுரிமை என்பது 61-வது அரசியல் சட்டத் திருத்தத்தால் 1989-ல் வந்தது. அதற்கு முன் 21. இப்போது, 18 வயது நிறைந்துவிட்டதா என்று கணக்கிடும் தகுதித் தேதிகள் ஆண்டுக்கு நான்கு உண்டு: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. 17 வயது முடிந்தவர்கள் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6-ஐ முன்கூட்டியே கொடுத்துவைக்கலாம். பெயரில் பிழை, முகவரி மாற்றம் என்றால் படிவம் 8. 2025 இறுதியில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் தமிழகம் முழுவதும் லட்சக்கணக்கான பெயர்கள் நீக்கப்பட்டன. ஆகவே உங்கள் பெயரை மட்டும் பார்த்துவிட்டு நிற்காதீர்கள். ஊர்ப் பட்டியலை முழுதாக எடுத்து, திருப்பூருக்கும் கேரளத்துக்கும் வேலைக்குப் போனவர்கள், புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்கள் ஆகியோரின் பெயர்கள் இருக்கின்றனவா என்று வீடு வீடாகச் சரிபாருங்கள். விடுபட்டவர்களைக் குறித்துக்கொண்டு வாக்குச்சாவடி நிலை அலுவலரைப் பாருங்கள். பெரும்பாலும் அவர் உள்ளூர் ஆசிரியராகவோ அங்கன்வாடிப் பணியாளராகவோ இருப்பார். ஒரு விடுமுறையில் முடிகிற வேலை. எந்தப் பேரணியையும்விட இதற்குப் பலன் அதிகம்.

விடுதி மாணவர்களுக்கு இங்கே ஒரு தேர்வு இருக்கிறது. விடுதி முகவரியிலும் பெயர் சேர்த்துக்கொள்ளலாம், சொந்த ஊரிலேயே வைத்துக்கொள்ளவும் செய்யலாம். இரண்டு இடத்தில் வைத்துக்கொள்வதுதான் குற்றம். உங்கள் நிலையில் ஓட்டு மலையிலேயே இருக்கட்டும் என்பேன். கிராம சபையின் உறுப்பினர் யார் என்றால், அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர். பெயரைச் சேலத்துக்கு மாற்றிக்கொண்ட அன்றே ஊர்ச் சபையில் நீங்கள் வேடிக்கை பார்க்க வந்தவர் ஆகிவிடுவீர்கள். அது மட்டுமல்ல, மலையில் ஒரு வார்டு என்பது சில நூறு ஓட்டுகள். அங்கே இருபது இளைஞர்கள் ஒன்றாக நின்றால் வேட்பாளர் வீடு தேடி வருவார்.

இப்போது கிராம சபை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாட்கள் நடந்துவந்தது; 2022 முதல் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினமும், நவம்பர் 1 உள்ளாட்சி தினமும் சேர்ந்து ஆறு ஆகிவிட்டன. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். இந்தக் குறைவெண் வரம்பு இல்லாமல் நடந்த கூட்டம் செல்லாது.

நடப்பது எப்படி என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். பதினொரு மணி என்று அறிவித்திருப்பார்கள். ஊராட்சிச் செயலர் மேசையில் இரண்டு நோட்டுகளோடு உட்கார்ந்திருப்பார். ஒன்று வருகைப் பதிவேடு, இன்னொன்று தீர்மானப் புத்தகம். முதல் நோட்டு கூட்டத்துக்குள் சுற்றத் தொடங்கும். கையெழுத்துப் போடுகிறவர் போட, மற்றவர்கள் ஸ்டாம்பு பேடில் பெருவிரலை அழுத்தி வைத்துவிட்டுப் புடவைத் தலைப்பில் மையைத் துடைத்துக்கொள்வார்கள். அரசிடமிருந்து வந்த சுற்றறிக்கையில் இருக்கும் பொருள்களை ஒருவர் ஒரே மூச்சில் வாசிப்பார். டெங்கு, பிளாஸ்டிக், மழைநீர் சேகரிப்பு என்று அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். கடைசிப் பொருள் 'இதர பொருள்கள்'. உங்கள் தொட்டி அங்கேதான் வர வேண்டும். அது வரும்போது பேச ஆள் இருக்காது. இரண்டாவது நோட்டில் பல நேரம் தீர்மானங்கள் மாலையில்தான் எழுதப்படும்.

இதை மாற்ற மூன்று காரியங்கள் போதும். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே உங்கள் பொருளை எழுத்தில் கொடுத்துவிடுங்கள்: ஊராட்சித் தலைவருக்கு, அல்லது தலைவர் இல்லாத காலத்தில் அவர் பொறுப்பைப் பார்க்கும் தனி அலுவலருக்கு ஒன்று, வட்டார வளர்ச்சி அலுவலருக்கு ஒன்று. பத்து வாக்காளர்களின் கையெழுத்து இருந்தால் நல்லது. அடுத்து, கூட்டத்தில் தீர்மானத்தை எழுதச் செய்து, எழுதியதை வாசிக்கச் சொல்லி, அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, கூட்டத்தைப் பார்வையிட அனுப்பப்பட்டிருக்கும் பற்றாளரிடம் அந்த எண்ணைச் சொல்லி வையுங்கள். மறுத்தார்கள் என்றால், மறுத்ததையே ஒரு மனுவாக எழுதிக் கலெக்டருக்கு அனுப்புங்கள். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சிகளின் ஆய்வாளர் அவர்தான்.

சட்டம் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். படித்துவிட்டு வந்த பையன் எடுத்த எடுப்பில் எழுந்து கேள்வி கேட்டால் ஊர் ரசிக்காது. முந்தின நாளே ஊர்ப் பெரியவரான ஊர்க்கவுண்டர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். குடம் சுமக்கிற பெண்களைப் பேசச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் காகிதத்தோடு நில்லுங்கள். உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இட ஒதுக்கீடு 2016 முதல் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் சபையில் பெண்கள் பேசினால் இன்றும் ஆண்கள் அக்கம்பக்கம் பார்க்கிறார்கள். அந்தச் சங்கடம் அதிகாரிகளுக்கும் தொற்றிக்கொள்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பதில் உடனே வருகிறது.

ஊரக உள்ளாட்சிகளில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தலைவர் இல்லாவிட்டால் கிராம சபையும் இல்லை என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லாத காலத்தில் ஊர் கேள்வி கேட்கக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

அடுத்தது திங்கட்கிழமை. ஒவ்வொரு மாவட்டத்தையும் போலச் சேலம் கலெக்டர் அலுவலகத்திலும் வாரந்தோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கிறது. வாசலில் போலீசார் பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள், தண்ணீர்ப் பாட்டிலை முகர்ந்துகூடப் பார்ப்பார்கள். மண்ணெண்ணெய் ஊற்றிக்கொள்ள முயன்ற சம்பவங்களுக்குப் பிறகு தமிழகம் முழுவதும் வந்த வழக்கம் அது. வயிறு எரிந்து வருகிறவர்களின் கடைசி வாசல் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? உள்ளே பதிவு செய்யும் இடத்தில் மனுவுக்கு எண் போட்டு ஒப்புகைச் சீட்டுத் தருவார்கள். பலரும் கலெக்டர் கையில் மனு கொடுத்த படத்தோடு திருப்தியாகிவிடுகிறார்கள். படம் சுவரில் மாட்டத்தான் உதவும். சீட்டில் இருக்கிற எண்ணை வைத்துத்தான் மனு எந்த அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது, என்ன பதில் எழுதினார்கள் என்று பின்தொடர முடியும்.

உங்கள் விடுதி வாழ்க்கை ஊருக்குப் பயன்படக்கூடிய இடமும் இதுதான். மலையில் இருப்பவருக்கு ஒரு திங்கட்கிழமை என்றால் ஒரு நாள் கூலி, போக வர பஸ் டிக்கெட், இருபது கொண்டை ஊசி வளைவுகள். உங்களுக்கு ஒரு முற்பகல் வகுப்பு. ஊரார் கையெழுத்திட்ட மனுவை நீங்கள் கொண்டுபோய்ப் பதிந்து, சீட்டை ஊருக்கு அனுப்பலாம். மனு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. யார், எந்த ஊர், என்ன குறை, எப்போதிலிருந்து, இதற்கு முன் யாரிடம் எந்தத் தேதியில் கொடுத்தோம், என்ன வேண்டும். 'மாண்புமிகு' என்று தொடங்கிப் பாதிப் பக்கத்தைப் புகழ்ச்சியில் செலவழிக்கும் பழைய பாணியை விட்டுவிடுங்கள். வர முடியாதவர்கள் முதல்வரின் உதவி மையத்துக்கு 1100 என்ற எண்ணில் சொல்லலாம். அங்கேயும் மனு எண் கிடைக்கும்.

"மனு கொடுத்தோம், 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்று பதில் வந்தது, பிறகு ஒன்றும் நடக்கவில்லை." எல்லா ஊரிலும் கதை இங்கேதான் நிற்கிறது. இங்கிருந்து எடுக்க வேண்டிய கருவி 2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். வெள்ளைத் தாளில் தமிழில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்ப வேண்டும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. வயது வரம்பும் இல்லை. குடிமகன் என்றுதான் சட்டம் சொல்கிறது. பதிவுத் தபால் 2025-ல் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டதால் இப்போது விரைவுத் தபால்தான். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், முப்பது நாள் கணக்குக்கு அதுதான் ஆதாரம்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் சூட்சுமம். "ஏன் தண்ணீர் வரவில்லை?" என்று கேட்டால் அது தகவல் அல்ல, விளக்கம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: "எங்கள் சிற்றூரில் கட்டப்பட்ட மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் நிர்வாக அனுமதி ஆணை, மதிப்பீடு, பணி உத்தரவு, அளவுப் புத்தகத்தின் தொடர்புடைய பக்கங்கள், பணி முடிவுச் சான்று, ஒப்பந்ததாரருக்குப் பணம் வழங்கிய பட்டியல் ஆகியவற்றின் நகல்." இதில் அளவுப் புத்தகம்தான் உயிர். அலுவலகத்தில் எம்-புக் என்பார்கள். எத்தனை மீட்டர் குழாய் பதித்ததாக எழுதிப் பணம் கொடுத்தார்கள் என்பது அதில் இருக்கும். எழுதியிருக்கிற குழாய் தரையில் இருக்கிறதா என்று பார்க்க என்ஜினீயர் வேண்டியதில்லை, ஒரு அளவு நாடா போதும். வேலையை நேரில் ஆய்வு செய்யும் உரிமையையும் அதே சட்டம் தருகிறது.

தொட்டியைக் கட்டியது ஊராட்சி ஒன்றியமா, குடிநீர் வடிகால் வாரியமா என்று தெரியவில்லை என்றாலும் கவலை வேண்டாம். தவறான அலுவலகத்துக்குப் போன மனுவை ஐந்து நாட்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும் என்று 6(3) பிரிவு சொல்கிறது. முப்பது நாட்களில் பதில் இல்லை அல்லது பதிலில் திருப்தி இல்லை என்றால், அடுத்த முப்பது நாட்களுக்குள் அதே துறையின் மேல் அதிகாரிக்கு முதல் மேல்முறையீடு. அதுவும் சரிவராவிட்டால் 90 நாட்களுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையம். ஆணையத்தில் விசாரணைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். ஆனால் பெரும்பாலான உள்ளூர்க் காரியங்கள் அவ்வளவு தூரம் போவதில்லை. எம்-புக் நகல் கேட்டு மனு வந்திருக்கிறது என்ற செய்தி ஒப்பந்ததாரர் காதுக்குப் போன பிறகு, குழாய் பதிக்க ஆள் வந்த ஊர்களை எனக்குத் தெரியும்.

காகிதத்துக்கு இவ்வளவு மரியாதை ஏன் என்று நினைப்பீர்கள். சேலம் – சென்னை எட்டு வழி விரைவுச் சாலையை நினைத்துப் பாருங்கள். 2018-ல் அறிவித்தபோது நீங்கள் பள்ளியில் இருந்திருப்பீர்கள். சுமார் 277 கிலோமீட்டர், 10,000 கோடி ரூபாய் திட்டம். வயலில் நட்ட அளவுக் கற்களும், அழுத பெண்களும், நடந்த கைதுகளும் எல்லோர் நினைவிலும் இருக்கின்றன. ஆனால் 2019 ஏப்ரல் 8-ல் சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தபோது முக்கியமாக விவாதிக்கப்பட்டது, நிலத்தை எடுப்பதற்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி பெற்றிருக்க வேண்டுமா என்பது. 2020 டிசம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம் அந்த இடத்தில் மாறுபட்டு, தொடக்க அறிவிக்கைக்கு முன் அனுமதி தேவையில்லை என்றது. இரண்டு தீர்ப்புகளுமே எந்தக் காகிதம் எந்தக் காகிதத்துக்கு முன்னால் வர வேண்டும் என்ற கேள்வியில்தான் சுழன்றன. தெருவில் குரல் கொடுத்தவர்கள் இல்லாமல் வழக்கு இல்லை, உண்மை. தேதி குறித்து ஆட்சேபம் எழுதிக்கொடுத்தவர்கள் இல்லாமலும் வழக்கு இல்லை.

இதோடு சேர்ந்ததுதான் கருத்துக்கேட்பு கூட்டம். சுரங்கம், பெரிய குவாரி, ஆலை போன்றவற்றுக்கு 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் பொது விசாரணை நடத்த வேண்டும். மேக்னசைட் கனிமமும் கல் குவாரியும் உள்ள சேலத்தில் இது அடிக்கடி காதில் விழும் சங்கதி. முப்பது நாள் முன்னறிவிப்பு உண்டு, திட்டச் சுருக்கம் தமிழில் வைக்கப்பட வேண்டும், பேசியதை வீடியோ எடுத்துப் பதிவு செய்ய வேண்டும். நேரில் வர முடியாதவர்கள் எழுதியும் அனுப்பலாம். ஆனால் அந்த நூற்றுக்கணக்கான பக்க அறிக்கையைப் படித்துவிட்டு வருகிறவர்கள் அரிது. கல்லூரியில் தாவரவியலோ நிலவியலோ படிக்கும் நான்கு பேர் அதைப் பங்கு போட்டுப் படித்து, நம் ஓடையின் பெயர் வரைபடத்தில் விடுபட்டிருக்கிறது என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால், உணர்ச்சிவசப்பட்ட பத்து உரைகளைவிட அந்த வரி நிற்கும்.

மலைக்கே உரியது வன உரிமைச் சட்டம், 2006. தமிழகத்தில் நீதிமன்ற உத்தரவு ஒன்றால் உரிமை ஆவணம் வழங்குவது 2016 வரை தடைப்பட்டுக் கிடந்தது. அதனால் இங்கே இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து வன நிலத்தில் குடியிருந்து பயிர் செய்துவரும் பழங்குடியினர் உரிமை கோரலாம். கோரிக்கையை முதலில் பரிசீலிப்பது கிராம சபை அமைக்கும் வன உரிமைக் குழு. பத்து முதல் பதினைந்து பேர், அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள். பெரியவர்களுக்கு எல்லைக் கல் எங்கே, எந்தப் பாறைக்குக் கீழே தாத்தா சாமை விதைத்தார் என்பது தெரியும். படிவம் நிரப்பவும், கைப்பேசியில் இடத்தைக் குறித்து வரைபடம் போடவும், மறுக்கப்பட்ட கோரிக்கைக்கு மேல்முறையீடு எழுதவும் உங்களைப் போன்றவர்கள்தான் வேண்டும். அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணைப்படி பழங்குடிப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடம் எதுவும் தமிழ்நாட்டில் இல்லை என்பதால், அப்படிப்பட்ட பகுதிகள் உள்ள பிற மாநிலங்களின் கிராம சபைகளுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் பெசா சட்டத்தின் பாதுகாப்பு நமக்குக் கிடையாது. அதனால் வன உரிமைச் சட்டத்தின் கிராம சபையை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சேலத்திலேயே பிறந்து வளர்ந்த உங்கள் வகுப்புத் தோழர்களுக்கு வாசல் வேறு. மாநகராட்சியில் 60 வார்டுகள்; சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என்று நான்கு மண்டலங்கள். நகரத்துக்குக் கிராம சபை போல ஒன்று வேண்டும் என்று நெடுங்காலம் கேட்டு, 2022-ல் வார்டு குழு, பகுதி சபா விதிகள் வந்தன. முதல் பகுதி சபா அந்த ஆண்டு நவம்பர் 1-ல் கூடியது. வார்டு குழுவுக்குக் கவுன்சிலர்தான் தலைவர். சில வார்டுகளில் உயிரோடு இருக்கிறது, பல வார்டுகளில் காகிதத்தில் இருக்கிறது. உங்கள் நண்பரின் வார்டில் கடைசியாக எப்போது கூடியது, என்ன தீர்மானம் என்று தகவல் உரிமை மனுப் போட்டுக் கேட்பதே நல்ல தொடக்கம்.

சேலத்துக்காரர்களிடம் உள்ளாட்சிப் பெருமைக்குக் குறைவில்லை. ராஜாஜி 1917 முதல் 1919 வரை இந்த நகராட்சியின் தலைவர்; சேலம் விஜயராகவாச்சாரியார் முப்பது வயதில் நகர்மன்ற உறுப்பினராக இருந்தவர், பின்னாளில் 1920 நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். இந்தப் பெயர்களைச் சொல்லிப் பட்டிமன்றம் நடத்துகிற நகரம், தன் கவுன்சிலரின் அலுவலகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று தெரியாமல் இருப்பது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

நகரத்து இளைஞர்களுக்கு மூக்கனேரியைக் காட்டுவேன். கன்னங்குறிச்சியில், சேர்வராயன் மலை அடிவாரத்துத் தண்ணீர் வந்து சேரும் ஏரி. 2010 வாக்கில் சூழலியல் செயற்பாட்டாளர் பியூஷ் மானுஷ் முன்னின்ற சேலம் மக்கள் குழு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி பெற்று அதைத் தூர்வாரி, நடுவில் மண் திட்டுகள் அமைத்து மரம் வளர்த்தது. இப்போது பறவைகள் நிறைந்திருக்கிற அந்த ஏரியைப் பார்க்கிறவர்கள் மரத்தைப் பாராட்டுகிறார்கள். நான் அனுமதிக் கடிதத்தைப் பாராட்டுவேன். அனுமதி இல்லாமல் நட்ட மரம் அடுத்த சாலை விரிவாக்கத்தில் போய்விடும். பராமரிக்கும் பொறுப்பை எழுதி வாங்கிக்கொண்ட ஏரிக்குக் கேட்க ஆள் இருக்கும்.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருக்கிறீர்களா? ஆண்டுக்கு 120 மணி நேரம், ஏழு நாள் முகாம். நல்ல அமைப்புதான், ஆனால் பல கல்லூரிகளில் அது கோயில் வளாகத்தைக் கூட்டிப் பெருக்கிக் குழுப்படம் எடுப்பதோடு முடிந்துவிடுகிறது. அதே ஏழு நாளில் ஒரு சிற்றூரின் வாக்காளர் பட்டியலையும், சாதிச் சான்று இல்லாத பிள்ளைகளையும், முதியோர் ஓய்வூதியம் நின்றுபோனவர்களையும் கணக்கெடுத்து விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் அந்த ஊர் உங்களை மறக்காது. பழங்குடியினர் சான்று கோட்டாட்சியர் அளவில் வழங்கப்படுவது என்பதால் அலைச்சல் அதிகம். அங்கேதான் துணை தேவை. நீங்கள் படித்த அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவையும் பாருங்கள். 2024 மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவர்களுக்கும் அதில் இடம் தந்திருக்கிறார்கள். மாதம் ஒரு கூட்டம், கழிப்பறைக்குத் தண்ணீர், வராத ஆசிரியர், இவ்வளவுதான் விஷயம். ஆனால் முடிவெடுக்கும் மேசையில் ஒரு நாற்காலி. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டம் சார் தன்னார்வலராகச் சேர்வதும் உண்டு. பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவி கிடைக்கும் என்ற செய்தியே மலையில் பாதிப் பேருக்குப் போய்ச் சேரவில்லை.

வீட்டாரின் பயத்துக்கு வருகிறேன். அது வீண் பயம் என்று தள்ள மாட்டேன். அரசு வேலைக்குப் போலீஸ் சரிபார்ப்பு உண்டு, வழக்கு இருந்தால் தொல்லைதான். ஆனால் கிராம சபையில் பேசுவது, மனு கொடுப்பது, தகவல் கேட்பது, கருத்துக்கேட்பில் எழுதிக் கொடுப்பது எதுவும் வழக்குக்குரிய காரியம் அல்ல. சட்டமே கூப்பிட்டு உட்கார வைக்கிற இடங்கள் அவை. சிக்கல் இரண்டு இடங்களில் வருகிறது. ஒன்று, அனுமதி இல்லாத மறியல். ஆர்ப்பாட்டத்துக்குப் போனால் நடத்துகிற அமைப்பு போலீஸ் அனுமதி வாங்கியிருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். இன்னொன்று, கைப்பேசி. "தொட்டிப் பணத்தைத் தின்றவர் இவர்" என்று பெயர் போட்டு எழுதினால் அவதூறு வழக்கு வரலாம். எம்-புக் பக்கத்தையும் வெறும் பள்ளத்தின் படத்தையும் அருகருகே போட்டு, ஊர்ப் பெயரையும் தேதியையும் மட்டும் எழுதினால் அந்த ஆபத்து மிகக் குறைவு. தனியாக எதையும் செய்யாதீர்கள். ஒரு மனுவில் முப்பது கையெழுத்து இருந்தால் யாரையும் தனியே கூப்பிட்டு மிரட்ட முடியாது.

கட்சி வேண்டாம் என்கிறீர்கள். உங்கள் விருப்பம். கட்சியில் சேருவதை அசிங்கம் என்று நினைத்து ஒதுங்கினால் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். சட்டமன்றத்துக்கு ஆள் அனுப்புவது கட்சிகள்தான். தமிழகத்தின் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை இரண்டே: ஏற்காடு, சேந்தமங்கலம். தமிழ்நாட்டில் நோட்டா பொத்தான் முதன்முதலில் பயன்பட்டதும் உங்கள் தொகுதியில்தான், 2013 டிசம்பர் இடைத்தேர்தலில். 4,000-க்கும் மேற்பட்டவர்கள் அதை அழுத்தினார்கள். கோபத்தைப் பதிவு செய்ய அது சரி. ஆனால் நோட்டா எந்தக் குழாயிலும் தண்ணீர் கொண்டுவராது.

கட்சிச் சின்னம் இல்லாமலே நிற்கக்கூடிய தேர்தல் ஒன்று உங்கள் வாசலிலேயே இருக்கிறது. ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் ஆகிய இரண்டும் கட்சி சாராத பதவிகள். வயது 21 ஆகியிருக்க வேண்டும், சட்டமன்றத்துக்குத்தான் 25. 2019 தேர்தலில் வார்டு உறுப்பினருக்கு வைப்புத்தொகை 200 ரூபாய், பழங்குடியினருக்கு அதில் பாதி; தலைவர் பதவிக்கு 600, அதிலும் பாதி. வார்டு உறுப்பினருக்குப் பெரிய அதிகாரம் இல்லை என்பார்கள். தீர்மானப் புத்தகத்தையும் வரவு செலவுக் கணக்கையும் கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டுப் பார்க்கிற அதிகாரம் இருக்கிறது; தொட்டி விவகாரத்தில் அதுதான் வேண்டும். உங்கள் ஊராட்சி ஒதுக்கீட்டில் எந்தப் பிரிவில் வருகிறது என்பதை அறிவிப்பு வந்ததும் பாருங்கள். பெண்களுக்கென்று வந்தால் உங்கள் அக்காவோ தங்கையோ நிற்கலாம். பெயருக்கு அவர்களை நிறுத்திவிட்டு நாற்காலியில் நீங்கள் உட்காரும் பழக்கம் மட்டும் வேண்டாம். மனுத் தாக்கலுக்கு முன்மொழிபவர் ஒருவர் வேண்டும், அவர் அதே வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும்.